“இரத்தக் கண்ணீ”ரில் குற்றவாளி யார்?

(தஞ்சையை அடுத்த கிராமம் ஒன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இவ்வூர் வாலிபர்கள் வருகின்ற பொங்கலுக்கு “இரத்தக் கண்ணீர்” நாடகம் போடப் போவதாகவும், அதற்கு முன் அந்நாடகத்தைப்பற்றி நாம் வந்து சில வார்த்தைகள் பேச வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் எதிர்பார்த்தது அநேகமாய்ப் புகழ்ச்சியாகத்தான் இருக்கும். புகழ்வதற்கு அதில் சரக்கு இல்லாமலும் இல்லை. ஆனால் அதைப் புகழ்வதற்கு நாம் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரவேண்டிய அவசியம் இல்லை. அந்தக் கரகரத்த குரலை நடித்துக் காட்டாத பையன் இந்தச் சோழநாட்டில் எந்தத் தெருவிலும் இல்லை. எனவே புராணங்களை எந்தக் கல்லிலே உரசிப் பார்க்கின்றோமோ அதே கல்லிலே நம்முடைய நாடகத்தையும் உரசிப் பார்ப்பது என்று வந்திருக்கின்றோம். பிறத்தியார் சரக்கை மாத்திரம் உரசுகிறவனுக்குப் பகுத்தறிவுவாதி என்று பெயர் வைக்க முடியாது. அவனுக்கு வேண்டுமானால் எதிர்க்கடைக்காரன் என்று பெயர் வைக்கலாம்.

நாடகம் திருவாரூர் கே. தங்கராசு அவர்கள் எழுதியது. எம். ஆர். ராதா அவர்கள் 1949-இல் அதை மேடையேற்றினார். 1954-இல் கிருஷ்ணன்-பஞ்சு இருவரும் அதைப் படமாக்கினார்கள். பிறகு தெலுங்கில் நாகபூஷணம் என்பவர் அதையே மேடை மேடையாக ஆடி, நாடகத்தின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்துகொண்டார். 2003-இல் கன்னடத்திலும் அது படமாக வந்தது. ஆக அரை நூற்றாண்டுக்கு மேல் மூன்று பாஷைக்காரர்களைக் கட்டிப்போட்ட கதை இது. கதை உங்களுக்குத் தெரியும். மோகனசுந்தரம் என்கின்ற பணக்கார வீட்டுப் பிள்ளை சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறான். தாயையும் மதிப்பதில்லை, ஊரையும் மதிப்பதில்லை. சந்திரா என்கின்ற பெண்ணைக் கட்டி வைக்கின்றார்கள். அவள் பட்டிக்காடு என்று ஒதுக்கிவிட்டுக் காந்தா என்கின்ற தாசியிடம் போய்ச் சேருகிறான். சொத்தெல்லாம் அங்கே போகிறது. பிறகு பெருவியாதி வருகிறது. காந்தா துரத்திவிடுகிறாள். கண் போய், கையில் ஓடு ஏந்தி, தன் சொந்த மனைவி இன்னாரென்று அறியாமல் அவளிடமே வந்து சேருகிறான். கடைசியில் தன் நண்பன் பாலுவிடம், நீ சந்திராவைக் கல்யாணம் செய்துகொள் என்று சொல்லுகிறான்.

இதைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களைக் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒரே பதிலைச் சொல்லுவார்கள்: “தாசி வீட்டுக்குப் போனால் இந்தக் கதிதான்.” நாம் கேட்பது என்னவென்றால், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ராதா போன்ற நடிகர் எதற்கு? இதைத்தான் கோவில் மண்டபத்துக் காலட்சேபக்காரரும் சொல்லிக்கொண்டிருந்தாரே!

நிற்க. இந்தக் கதை நம் காவிரிக்கரைக்குப் புதிதல்ல. முதன்முதல் இக்கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஊரே காவிரி கடலில் விழுகின்ற பூம்புகார்தான். கோவலன் செல்வ வணிகன் மகன். சொத்து அவன் தேடியதல்ல; அப்பன் மாசாத்துவான் தேடியது. மாதவி ஐந்து வயதில் ஆட்டம் பயில ஆரம்பித்து, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரசன் முன் ஆடினவள். அவளுக்குக் கிடைத்த மாலைக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை கூறி, பணக்கார வாலிபர்கள் நடமாடும் தெருவிலே ஒரு கூனி கையில் கொடுத்து நிற்க வைத்தார்கள். மாலையை வாங்கினவனுக்கு மாதவி. கோவலன் வாங்கினான். இதில் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் மோசம் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்! தெருவில் நிறுத்தி விலை கூறினது யார்? வாங்கினது யார்?

பிறகு நடந்ததையும் பாருங்கள். பொருளெல்லாம் கரைந்த பிறகு, இந்திரவிழா நாளில் கடற்கரையில் இருவரும் யாழ் வாசித்துப் பாடுகிறார்கள். அவள் பாட்டிலே வேறொருவன் மேல் எண்ணம் இருப்பதாக அவனாக நினைத்துக்கொண்டு, எழுந்து போய்விடுகிறான். கட்டினவளை வருஷக்கணக்கில் விட்டுவிட்டு வந்தவனுக்கு, இவள் ஒரு பாட்டுப் பாடியது பொறுக்கவில்லை! இதற்குக் காதல் என்றா பெயர்? வாங்கிய சாமானைப் பிறத்தியான் தொட்டுவிட்டானோ என்கின்ற சந்தேகத்துக்கு எந்த அகராதியில் காதல் என்று எழுதியிருக்கிறது? இளங்கோவடிகளைப்பற்றி நமக்கு எத்தனையோ ஆட்சேபணை உண்டு என்றாலும், ஒரு விஷயத்தில் அவருக்கு மரியாதை செலுத்தத்தான் வேண்டும். மாதவியை அவர் பேயாக்கவில்லை. கோவலன் செத்த செய்தி கேட்டு அவள் துறவு பூண்டாள். தன் மகளையும் அந்தத் தொழிலுக்கு விடவில்லை. பின்னால் வந்த நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும்தான் தாசி என்றால் சொத்தை உறிஞ்சுகிற அட்டை என்று ஒரே அச்சில் வார்த்துவிட்டார்கள்.

1944-இல் வந்த “ஹரிதாஸ்” படத்தைப் பாருங்கள். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். அதில் நடித்த தியாகராஜ பாகவதர் மாயவரத்துக்காரர். ரம்பை என்னும் தாசியாக வந்த டி. ஆர். ராஜகுமாரி தஞ்சாவூர்க்காரர். மனைவியாக வந்த வசந்தகோகிலம் நாகப்பட்டினத்தில் வளர்ந்தவர். பாட்டு எழுதிய பாபநாசம் சிவன் நன்னிலம் பக்கத்துக்காரர். ஆக எல்லாம் நம் ஜில்லாச் சரக்கு! ஹரிதாசன் பணக்கார வீட்டுப் பிள்ளை. தாய் தகப்பனை அலட்சியம் செய்கிறான். ரம்பையின் மோகத்தில் சொத்தை இழக்கிறான். முனிவர் ஒருவரிடம் துடுக்காக நடக்கப்போய்த் தன் கால்களை இழக்கிறான். பிறகு பெற்றோருக்குப் பணிவிடை செய்து பக்தனாகி, கால்களைத் திரும்பப் பெறுகிறான். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அதற்கு ஐந்து வருஷம் கழித்து நம்முடைய “இரத்தக் கண்ணீர்” வருகிறது. அதிலே முனிவர் இல்லை, சாபம் இல்லை, வரம் இல்லை. கடவுளை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். சரி, நல்ல காரியம். ஆனால் கடவுள் செய்துகொண்டிருந்த வேலையை நோயிடம் ஒப்படைத்துவிட்டார்கள்! அங்கே தப்புச் செய்தவனுக்குக் கால் போயிற்று; இங்கே தப்புச் செய்தவனுக்குக் கையும் கண்ணும் போயிற்று. கர்மம் என்கின்ற பழைய சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் அது பகுத்தறிவு ஆகிவிடுமா?

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுகின்றோம். ஏனெனில் இது நாடக விமர்சனத்தோடு தீர்ந்துபோகின்ற சமாச்சாரம் அல்ல. இந்தக் கூட்டத்திலேயே யாருக்காவது சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

பெருவியாதி, குஷ்டம், தொழுநோய் என்று எந்தப் பெயரால் சொன்னாலும் அது ஒரு கிருமியால் வருகின்ற நோய். அக்கிருமியை நார்வே தேசத்து ஹான்சன் என்னும் டாக்டர் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். வைத்தியம் செய்துகொள்ளாத நோயாளி ஒருவரோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால், அவர் மூக்கிலும் வாயிலும் இருந்து தெறிக்கும் துளிகளால் அது பரவுகின்றது. ஒரு தரம் தொட்டதால் வராது. ஆண் பெண் சேர்க்கையால் வருவது என்பது சுத்தப் பொய். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு இயற்கையிலேயே அதைத் தாங்குகின்ற சக்தி இருக்கிறது. கிருமி உடம்பில் புகுந்து நோயாக வெளிப்படுவதற்கு ஏறத்தாழ ஐந்து வருஷம் ஆகும். சிலருக்கு இருபது வருஷம்கூட ஆகும். ஆகையால் மோகனசுந்தரத்துக்கு அது எங்கே தொற்றிற்று, சீமையிலா, பள்ளிக்கூடத்துப் பெஞ்சியிலா, தொட்டிலில் கிடந்த காலத்திலா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. காந்தா வீட்டு வாசற்படி மிதித்த பாவத்தால் வந்தது என்று சொல்லுவது, பூர்வ ஜன்ம பாவத்தால் வந்தது என்று குருக்கள் சொல்லுவதைவிட எந்த விதத்தில் உசத்தி?

அப்படியானால் தாசி வீட்டால் வரக்கூடிய நோய் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. மேகநோய் உண்டு. ஆனால் அதைக் கதையில் வைத்தால் நீதி தலைகீழாகிவிடும். ஏனென்றால் அந்த நோயைப் புருஷன் வெளியே வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருக்கின்ற பெண்ஜாதிக்கும் கொடுத்துவிடுகிறான். அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் கொடுத்துவிடுகிறான். நோய்தான் தண்டனை என்றால் அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன? கிருமிக்கு நியாயமும் தெரியாது, அநியாயமும் தெரியாது. அதற்குத் தர்மாசனம் போட்டுக் கொடுத்தது நாம்தான்.

இன்னொரு விஷயம். நாடகம் மேடை ஏறிய காலத்தில் இந்நோய்க்கு மருந்தே இல்லாமல் இருந்ததா? இல்லை. 1941-லேயே அமெரிக்காவில் கார்வில் என்கின்ற ஆஸ்பத்திரியில் சல்போன் மருந்து கொடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். 1940-களின் பிற்பகுதியில், நம் செங்கற்பட்டைச் சேர்ந்த திருமணி ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் காக்ரேன் என்பவர் அந்த இனத்து மருந்தாகிய டாப்சோனைக் கொடுத்துக் குணம் கண்டுகொண்டிருந்தார். திருச்சி மேடையில் மோகன் அழுகிய கையோடு புலம்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், செங்கற்பட்டில் நோயாளிகளுக்கு நல்ல காலம் பிறந்துகொண்டிருந்தது! 1981 முதல் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருகிறது. ஆறு மாதம், கடுமையானால் பன்னிரண்டு மாதம், காசு கிடையாது, மருந்து ஆரம்பித்த சில நாளிலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடுகின்றது. கை விரல் மடங்குவதும், கண் போவதும் நோயின் முடிவு அல்ல, தாமதத்தின் முடிவு.

தாமதம் எதனால் வருகிறது? வெட்கத்தால் வருகிறது. முதுகிலோ தொடையிலோ வெளுத்த தேமல் ஒன்று தோன்றி, அதில் உணர்ச்சி இல்லாமல் இருந்தால், அந்த மனிதன் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் என்ன நினைக்கின்றான்? ஊரார் நம்மை என்ன சொல்லுவார்கள், எந்தத் தாசி வீட்டில் வாங்கினாய் என்று கேட்பார்களே என்று நினைக்கின்றான். சட்டையைப் போட்டு மூடிக்கொள்கிறான். பெண்பிள்ளையானால் சொல்லவே வேண்டாம். தாலி கட்டினவனுக்கும் காட்டமாட்டாள். ஏன் காட்டவேண்டும்? இது இருந்தால் விவாகத்தை ரத்து செய்துகொள்ளலாம் என்று 1955-ஆம் வருஷத்துக் கல்யாணச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். 2019-இல்தான் அதை எடுத்தார்கள். நோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்க வெள்ளைக்காரன் 1898-இல் போட்ட சட்டம் 2016 வரையில் செத்துத் தொலையவில்லை. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்கின்ற அளவிலிருந்து தொழுநோயை ஒழித்துவிட்டோம் என்று 2005-ஆம் ஆண்டு முடிவில் இந்தியா கணக்குக் காட்டிற்று. இருந்தும் உலகத்தில் ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் நம் தேசத்தார்தான்; ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். இவர்களில் ஒருவன் மோகனின் குரலை நடித்துக் காட்டுகின்ற கூட்டத்தில் நின்றுகொண்டு, தானும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தால், அவன் மனது என்ன பாடுபடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இது ஒருபுறமிருக்கட்டும். மோகனுக்கு உண்மையில் இருந்த வியாதிதான் என்ன? அதுதான் முக்கியமான கேள்வி.

கோவலன், ஹரிதாசன், மோகன் என்னும் மூன்று பேருக்கும் ஒரு பொருத்தம் இருப்பதைக் கவனியுங்கள். மூவரும் தாங்கள் தேடாத சொத்தின்மேல் உட்கார்ந்தவர்கள். நம் பக்கத்தில் இந்த ஜாதிக்கு ஒரு தனிப் பெயரே வழங்கிவந்தது: மைனர். மைனர் என்பது கோர்ட்டு வார்த்தை. அப்பன் செத்து, வயது நிரம்பாத பிள்ளை. சொத்து கார்டியன் கையில். வயது வந்ததும் எல்லாம் இவனுக்கு என்று தெரிந்ததால் லேவாதேவிக்காரன் பத்து கொடுத்து இருபதுக்கு நோட்டு எழுதி வாங்கிக்கொள்வான். அந்தப் பணத்தில் சில்க் ஜிப்பா, கழுத்தில் சங்கிலி, கையில் மோதிரம், வாயில் வெற்றிலை. நாளடைவில் வயது ஐம்பதானாலும் அவனுக்கு மைனர் என்கின்ற பெயர் போகவில்லை. மைனர் சங்கிலி என்று நகைக்கடையில் இன்றைக்கும் பெயர் இருக்கிறது. ஒருவனுக்கு வயது வராமலே போவதை ஒரு ஊரே அலங்காரமாக நினைத்த வேடிக்கையை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

இந்த மைனர் தாசி வீட்டில் கொட்டிய பணம் எங்கிருந்து வந்தது? கூத்தாநல்லூரிலோ கும்பகோணத்திலோ அச்சடித்தா வந்தது? சேற்றிலிருந்து வந்தது. விடியற்காலம் ஏர் பூட்டி, நாற்றுப் பறித்து, இடுப்பொடிய நட்டு, அறுத்து, அடித்து, களத்தில் குவித்துவிட்டுச் சில படி நெல்லை முந்தானையில் வாங்கிப் போன பண்ணையாளின் உழைப்பிலிருந்து வந்தது. அவர்களுக்கென்று தஞ்சை ஜில்லாப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-இல்தான். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது, கடைமடைக்குத் தண்ணீர் நிச்சயமாயிற்று, போகம் பெருகிற்று. பெருகின நெல் பண்ணையாள் வீட்டுக் குதிருக்குப் போகவில்லை. அது வண்டி ஏறி மில்லுக்குப் போய், நோட்டாக மாறி, அதில் ஒரு பங்கு பன்னீராகவும் பட்டுச்சேலையாகவும் வைரத்தோடாகவும் ஆயிற்று. காந்தா மோகனின் சொத்தை உறிஞ்சினாள் என்று கொட்டகையே பல்லைக் கடிக்கிறது. அந்தச் சொத்தை யாரிடமிருந்து மோகனின் பாட்டன் உறிஞ்சினான் என்று கேட்க ஒரு காட்சி வைக்கவில்லையே!

ஏழைக்குக் காதல் பைத்தியம் பிடிக்காதா என்றால், பிடிக்கும். அவனும் மனிதன்தானே. ஆனால் மறுநாள் விடிந்தால் அவன் நடவுக்குப் போயாக வேண்டும். மோகனுடைய பைத்தியத்துக்கு ஓய்வு வேண்டும். பிறத்தியான் உழைப்பு வேண்டும். விலைக்கு வாங்குவதற்கு ஒரு பெண்ணும் வேண்டும்.

அந்தப் பெண் எப்படி அகப்பட்டாள்? இதே தஞ்சாவூர்ப் பெரிய கோவிலுக்குப் போய்ச் சுவரைப் பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் இராசராசன் வெட்டி வைத்த கல்வெட்டு இருக்கிறது. பல ஊர்க் கோவில்களிலிருந்து நானூறு பெண்களைக் கொண்டுவந்து, கோவிலைச் சுற்றித் தெருக்களில் வீடு கொடுத்து, ஆளுக்கு ஒரு பங்காக வருஷத்துக்கு நூறு கலம் நெல் என்று ஏற்படுத்தியிருக்கிறான். ஒருத்தி செத்தால் அவள் உறவில் தகுதியானவள் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்றும் கண்டிருக்கிறது. அக்காலத்தில் அவர்கள் நிலை பிற்காலத்தைப்போல் இழிவானதல்ல, கௌரவமாய் இருந்தார்கள் என்று சொல்லுகின்ற ஆராய்ச்சிக்காரர்கள் உண்டு. இருக்கட்டும், அதில் நமக்கு விவாதமில்லை. ஆனால் நெல்லும் மானியமும் வம்சத்தோடு கட்டப்பட்ட பிறகு, ராஜாங்கம் போய், கோவில் கை சுருங்கின காலத்தில் அந்த வம்சத்துப் பெண்ணுக்கு மைனரைத் தவிர வேறு கதி என்ன வைத்தார்கள்? பொட்டுக் கட்டினது சாமிக்கு; சாப்பாடு போட வேண்டியது மிராசுதார். சாமி ஒருநாளாவது ஒரு படி அரிசி அளந்ததுண்டா?

அந்தப் பெண்களில் ஒருவர் எழுந்து பேசினார். நம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883-இல் பிறந்தவர். ஐந்து வயதில் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் தாசி ஒருத்தியிடம் விற்கப்பட்டவர். கோவலன் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு கொடுத்தான். இங்கே பத்து ரூபாயோடு முடிந்துபோயிற்று. அந்த அம்மையார் அந்தத் தொழிலை மறுத்து, தமக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவரையே மணந்துகொண்டு, மாயவரத்துப் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பொட்டை அறுத்தெறியுங்கள் என்று பிரசாரம் செய்தார். 1936-இல் “தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்” என்று ஒரு நாவலும் எழுதினார். தலைப்பைப் பார்த்தால் அவரும் தாசிகளைத்தான் திட்டுகிறார் என்று தோன்றும். உள்ளே இருந்து வந்தவர் ஆனதினாலே அவருக்கு வலை எப்படிப் பின்னப்படுகிறது, அதில் முதலில் மாட்டுகிறவள் யார் என்பது தெரியும். வலையில் முதலில் மாட்டுகிறவள் ஐந்து வயதுப் பெண் குழந்தை. மைனர் மாட்டுவது பின்னால்.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் சென்னைச் சட்டசபையில் முயன்று, கோவில் ஊழியம் செய்தால்தான் மானியம் என்கின்ற கட்டை 1929-இல் அவிழ்த்தார். பொட்டுக் கட்டுவதே குற்றம் என்கின்ற சட்டம் 1947-இல்தான் வந்தது. இந்த நடுவில் சட்டசபையிலும் பத்திரிகையிலும் தர்மம் போச்சு, கலை போச்சு என்று அழுதவர்கள் எத்தனை பேர்! அழுதவர்களில் ஒருவராவது தம் வீட்டுப் பெண்ணுக்குப் பொட்டுக் கட்டிக் கலையை வளர்க்க முன்வந்தாரா? அவ்வளவு எதிர்ப்பையும் தாண்டிச் சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆவதற்குள் “இரத்தக் கண்ணீர்” மேடையேறுகிறது. காந்தாவை யார் காந்தாவாக ஆக்கினார்கள் என்று கேட்க இதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. ஆனால் காந்தா வருகிறாள், மினுக்குகிறாள், பிடுங்குகிறாள், துரத்துகிறாள், அவ்வளவுதான். அவளுக்கு ஒரு குழந்தைப் பருவம் இருந்ததாகவே நாடகத்தில் காணோம்.

துரத்தினாளே, அது அநியாயம் அல்லவா என்பீர்கள். காசு கொடுத்துச் சாமான் வாங்குகிறவன், காசு தீர்ந்த பிறகும் கடைக்காரன் தன்னைக் கட்டி அழவேண்டுமென்று எதிர்பார்ப்பதுண்டா? வியாபாரமாக ஆரம்பித்ததை இவன் மட்டும் நடுவில் காதல் என்று நினைத்துக்கொண்டால் அதற்கு அவளா ஜவாப்தாரி? காந்தா செய்ததை நாம் யோக்கியமென்று சொல்லவில்லை. அவளைச் சந்தையில் நிறுத்தினவர்கள் சந்தை நியாயத்தைப்பற்றிப் புகார் சொல்லுவதற்கு யோக்கியதை இல்லை என்றுதான் சொல்லுகின்றோம்.

இனி, இந்நாடகத்தில் நமக்கு மிகவும் பிடித்த கட்டத்துக்கு வருவோம். புருஷன் உயிரோடிருக்கும்போதே தன் மனைவிக்கு மறுமணம் செய்து வைக்கச் சொல்லுகிறான். அந்தக் காலத்தில் இந்த வார்த்தையை மேடையில் சொல்லுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். இந்துப் பெண் விவாகரத்துக் கேட்கலாம் என்று சென்னை மாகாணத்தில் சட்டம் வந்ததே அதே 1949-இல்தான். புருஷன் கல்லானாலும் புல்லானாலும் என்று சொல்லிக்கொண்டிருந்த தாய்மார்கள், சந்திராவுக்கு ஒரு வாழ்வு கிடைக்கட்டும் என்று கொட்டகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்றால், அது நூறு பிரசங்கம் செய்ய முடியாத வேலை. தங்கராசுவுக்கும் ராதாவுக்கும் இதற்காக நாம் எவ்வளவு கடமைப்பட்டிருந்தாலும் தகும்.

ஆனாலும் ஒன்று கேட்கின்றோம். இந்தத் தீர்மானம் யாரிடம் பிறக்கிறது? மோகனிடம் பிறக்கிறது. கொடுக்கிறவன் அவன், வாங்கிக்கொள்கிறவன் பாலு. முன்னே அப்பன் கையிலிருந்து மோகன் கைக்குப் போனாள்; இப்போது மோகன் கையிலிருந்து பாலு கைக்குப் போகிறாள். சந்திரா தானாகவே முன்னாலேயே, அவன் காந்தா வீட்டில் கூத்தடித்துக்கொண்டிருந்தபோதே, “இவன் எனக்கு வேண்டாம்” என்று சொல்லியிருந்தால் என்ன? வியாதி வந்து, கண் போய், உபயோகமற்றுப் போன பிறகுதான் அவளுக்கு விடுதலைச் சீட்டு எழுத வேண்டுமா? காந்தாவைப் பணம் கொடுத்து வாங்கினான். சந்திராவைத் தாலி கொடுத்து வாங்கினான். கடைசியில் தானமும் கொடுத்துவிட்டான். இதுதான் தோழர்களே மோகனுடைய வியாதி! பெண் என்பவள் ஒரு புருஷனுக்குச் சொந்தமான பொருள் என்கின்ற எண்ணம். கை அழுகிய பிறகும் அது மாத்திரம் அவனுக்குக் குணமாகவில்லை.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். மைனர்கள் போய்விட்டார்கள், பொட்டுக்கட்டுதல் போய்விட்டது. இராமாமிர்தம் அம்மையார் பெயரால் பெண்கள் கலியாண உதவித் திட்டம் இருந்து, அது 2022-இல் பெண்கள் மேல்படிப்புக்குப் பணம் கொடுக்கும் திட்டமாக மாறி நடந்துவருகிறது. இன்றைக்குப் பெண் படிக்கின்றாள், சம்பாதிக்கின்றாள், விலைக்குக் கிடைப்பதில்லை. அதனால் என்ன ஆயிற்று? ஒருவன் அவளைக் காதலிப்பதாகச் சொல்லிப் பின்னாலேயே சுற்றுகின்றான். அவள் முடியாது என்கின்றாள். உடனே அவன் முகத்தில் திராவகம் ஊற்றுகிறான், கத்தியால் குத்துகிறான். எனக்குக் கிடைக்காதது எவனுக்கும் கிடைக்கக்கூடாது என்கின்றான். இம்மாதிரிக் கொடுமை பெருகியதைக் கண்டு, திராவகம் வீசினவனுக்குப் பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை என்று 2013-இல் சட்டத்தில் தனிப்பிரிவே சேர்க்க வேண்டியதாயிற்று. மோகன் வாங்கினான், இவன் வாங்க முடியாததால் அழிக்கின்றான். இருவருக்கும் வியாதி ஒன்றே. இதற்கு நம் சினிமாக்காரர்கள் கொடுக்கின்ற பெயர் தெய்வீகக் காதல்! மறுத்த பெண்ணை மூன்று மணி நேரம் துரத்தித் துரத்திக் கடைசி ரீலில் சம்மதிக்க வைப்பதற்குக் கொட்டகையில் விசில் பறக்கின்றது. காந்தாவிடம் ஏமாந்தவனுக்காக அழுத அதே கண், தன்னை விரும்பாத பெண்ணைத் திட்டிப் பாட்டுப் பாடுகிறவனுக்காகவும் அழுகின்றது.

அன்பும் ஆசையும் மனித சுபாவம். அதை நாம் குற்றமென்று சொல்ல வரவில்லை. இன்று பிடித்தது நாளை பிடிக்காமலும் போகலாம். இருவருக்கும் பிடித்திருக்கும் வரையில் சேர்ந்திருப்பதும், ஒருவருக்குப் பிடிக்காவிட்டாலும் பிரிந்து போவதும் சண்டையில்லாமல் நடக்கக்கூடிய காரியம்தான். நடுவில் சொந்தம் என்கின்ற பாத்தியதை புகுந்துகொள்ளும்போதுதான் ரத்தம் சிந்துகிறது.

ஆகவே இந்த ஊர் வாலிபர்களுக்கு நமது யோசனை இது. நாடகத்தைப் போடுங்கள், அவசியம் போடுங்கள். மோகனின் கேலிப் பேச்சில் ஒரு வார்த்தையும் குறைக்க வேண்டாம். அதற்காகத்தான் ஜனங்கள் வருகின்றார்கள். ஆனால் மூன்று இடத்தில் கை வையுங்கள். காந்தாவை யார் வளர்த்தார்கள், எத்தனை வயதில் எந்தத் தொகைக்கு இங்கே கொண்டுவந்தார்கள் என்று அவள் வாயாலேயே சொல்ல ஒரு காட்சி சேருங்கள். அதை எழுதுவதற்கு ஒரு பெண்ணைக் கேளுங்கள். மறுமணக் கட்டத்தில் பாலுவைக் கேட்பதற்கு முன் சந்திராவைக் கேளுங்கள். அவள் வேண்டாம் என்று சொல்லி எழுந்து போனாலும் பாதகமில்லை. மூன்றாவது, வியாதி. மோகன் சொத்தைத் தொலைத்துவிட்டுத் தெருவில் நிற்பதற்குக் கடன்காரன் போதும், குஷ்டம் வேண்டியதில்லை. ராதா வேஷத்தை விட மனமில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாலு அவனைக் கட்டாயம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகட்டும், மோகன் கடைசிக் காட்சியில் குணமாகி வந்து தன் வாயால் பேசட்டும். சாவதைவிட உயிரோடிருந்து தலைகுனிவது அவனுக்குக் கஷ்டம். நடிக்கிறவனுக்கும் கஷ்டம்தான், ஒத்திகை அதிகம் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு விஷயம். இங்கே பின்வரிசையில் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் அம்மாள் வந்து உட்கார்ந்திருக்கின்றார்கள். நாளைக் காலையில் எட்டு மணியிலிருந்து பள்ளிக்கூடத்துத் திண்ணையில் இருப்பார்கள். உடம்பில் எங்கேயாவது உணர்ச்சியில்லாத தேமல் இருப்பவர்களும், கைகால் மரத்துப் போகின்றவர்களும் வந்து காட்டிக்கொள்ளலாம். பெண்கள் தனியாக வந்து காட்டிக்கொள்ள உள்ளே ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறது. பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். மாத்திரைக்குக் காசு இல்லை.